கீவேர்ட் டொமைனுக்குத் தமிழில் ஒரு சொல்

அன்புடையீர்,

புதிதாக இணையதளம் தொடங்குவோருக்கான கையேட்டைத் தமிழில் ஆக்கிவருகிறோம். பெயர் தேர்வு பற்றிய அத்தியாயத்தில் 'கீவேர்ட் டொமைன்' என்பது பத்திக்குப் பத்தி வருகிறது. தளம் எதைப் பற்றியதோ, அதை மக்கள் தேடுபெட்டியில் எப்படி எழுதித் தேடுகிறார்களோ, அந்தச் சொல்லையே தளத்தின் பெயராக வைப்பது. இதோடு ஒட்டி இன்னும் மூன்று வருகின்றன: தேடுவதும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் எக்ஸாக்ட் மேட்ச், ஒரு பகுதி மட்டும் ஒத்தால் பார்ஷியல் மேட்ச், தேடலோடு தொடர்பே இல்லாமல் புதிதாக இட்ட பெயர் பிராண்டபிள்.

இப்போதைக்குக் 'குறிச்சொல் ஆள்களம்' என்று போட்டு வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. நான்கையும் ஒரே கட்டுக்குள் கொண்டுவரும் சொற்கள் வேண்டும்.

ந.

*

மறு: கீவேர்ட் டொமைனுக்குத் தமிழில் ஒரு சொல்

> குறிச்சொல் ஆள்களம்

இரண்டு பாதியிலும் சிக்கல் இருக்கிறது.

'குறிச்சொல்' வலைப்பதிவுகளில் டேக் என்ற பொருளில் வேரூன்றிவிட்டது. டேக் என்பது எழுதியவர் தன் பதிவுக்குத் தானே ஒட்டுவது. நாம் பேசுவதோ தேடுகிறவர் தட்டச்சிடும் சொல். பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது நடக்கும் பெரும்பிழையே இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வதுதான்: தளக்காரர் தனக்குப் பிடித்த சொல்லை வைக்கிறார், தேடுவோர் வேறொன்றை எழுதுகிறார்கள். 'மிதிவண்டிப் பழுதுபார்ப்பு' என்று நாம் வைப்போம், தேடுகிறவர் 'சைக்கிள் ரிப்பேர்' என்றுதான் அடிப்பார். ஆகவே கலைச்சொல்லிலேயே 'தேடு' இருக்கட்டும். 'தேடுசொல்' என் முன்மொழிவு. 'திறவுச்சொல்' வேண்டவே வேண்டாம். பெயரைப் பதிவுசெய்யும் அதே பக்கத்தில் கடவுச்சொல்லும் கேட்பார்கள், படிப்பவர் குழம்புவார்.

'ஆள்களம்' பற்றி: டொமைன் என்பது இணையத்தின் பெயர்முறைமையில் (டிஎன்எஸ்) ஓர் எல்லைக்கு உட்பட்ட முழுப் பகுதி, அதன் கிளைகளும் சேர்ந்தது. அதைக் குறிக்க ஆள்களம் பொருத்தம்தான். ஆனால் இந்த அத்தியாயம் முழுக்கப் பேசுவது புள்ளிக்கு முன்னால் நாம் எழுதும் பெயரை மட்டும். 'பெயர்' போதும்.

தேடுசொல் + பெயர் = தேடுசொற்பெயர்.

செ.

*

மறு: மறு: கீவேர்ட் டொமைனுக்குத் தமிழில் ஒரு சொல்

இலக்கணத்திலேயே இந்தப் பிரிவு ஆயத்தமாக இருக்கும்போது ஏன் புதிதாகக் கட்ட வேண்டும்? பொருளைச் சொல்லும் பெயர் காரணப்பெயர். காரணம் எதுவுமின்றி இட்டது இடுகுறிப்பெயர். கீவேர்ட் டொமைன் முன்னது, பிராண்டபிள் பின்னது. பள்ளியில் படித்த எவருக்கும் விளக்கமே தேவையில்லை.

இன்னொரு நன்மை, இந்த இணை ஆலோசனையையும் உடன் சொல்லிவிடுகிறது. காரணப்பெயர் பார்த்தவுடன் புரியும், ஆனால் காரணம் மாறினால் பெயர் பொய்யாகும். 'மாடித்தோட்டம்' என்று வைத்த தளத்தில் பிறகு பண்ணைக் கருவிகளைப் பற்றி எழுத முடியாது. இடுகுறிப்பெயருக்கு அந்தக் கட்டு இல்லை, ஆனால் அதற்குப் பொருள் ஏற்றும் வேலை முழுவதும் நம் தலையில்.

ஆ.

*

மறு: மறு: மறு: கீவேர்ட் டொமைனுக்குத் தமிழில் ஒரு சொல்

இடுகுறிப்பெயரை இரு கையாலும் வரவேற்கிறேன், பிராண்டபிளுக்கு அதைவிட நல்ல சொல் கிடைக்காது. காரணப்பெயர் மட்டும் ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கிறது. மரங்கொத்தி காரணப்பெயர்தான். தச்சுவேலை பற்றிய தளத்துக்கு அந்தப் பெயரை வைத்தால் காரணமும் உண்டு. ஆனால் தச்சுவேலை கற்க விரும்புகிறவர் யாரும் 'மரங்கொத்தி' என்று தேடமாட்டார். கீவேர்ட் டொமைனின் இலக்கணம் காரணம் இருப்பதல்ல, தேடலோடு பொருந்துவது.

பொருத்தம் என்பதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், தமிழில் சிக்கலெல்லாம் அங்கேதான். கையேட்டில் இந்தப் பகுதி மூலத்தில் இல்லை, நாம் சேர்த்தே ஆகவேண்டும்.

'மாடித்தோட்டம்' என்பதையே எடுத்துக்கொள்வோம். தேடுவோரில் பலர் 'மாடி தோட்டம்' என்று இடம்விட்டு, ஒற்று இல்லாமல் அடிப்பார்கள். பெயரில் இடைவெளிக்கு வழியில்லை. எழுத்து, எண், இடைக்கோடு மட்டுமே செல்லும், இடைக்கோடும் முதலிலோ இறுதியிலோ வரக்கூடாது. ஆங்கில எழுத்தில் எழுதலாம் என்றால் 'மா'வுக்கு ஒரு ஏயா இரண்டா, 'தோ'வில் எச் உண்டா இல்லையா, 'ட்ட'வுக்கு ஒற்றை டியா இரட்டையா என்று மூன்று இடத்தில் பிரிகிறது. எட்டு வடிவம். நடுவில் இடைக்கோடு வைப்பதா என்பதையும் கூட்டினால் பதினாறு. இவற்றில் ஒன்றை வாயால் சொன்னால் கேட்பவர் வேறொன்றைத்தான் அடிப்பார். ழகரம் உள்ள சொல்லில் இன்னும் மோசம்.

தமிழ் எழுத்திலேயே பதியலாம். அங்கே வேறு வகைக் கவனம் தேவை. பெயர்முறைமைக்குத் தமிழ் நேரடியாகத் தெரியாது. 'எக்ஸ் என்' என்ற இரண்டெழுத்தும் இரண்டு இடைக்கோடும் முன்னால் வைத்து, பியூனிகோடு முறையில் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றித்தான் சேமிக்கிறது. முகவரியின் கடைசியில் வரும் '.இலங்கை' என்ற உயர்மட்டப் பெயரை எண்ணிப் பாருங்கள்: நம் கணக்கில் நான்கு எழுத்து, யூனிகோடில் ஆறு குறியிடம், மாற்றிய பிறகு பதினாறு குறி. இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒரு துண்டுக்கு உச்சவரம்பு 63 குறி, அது மாற்றிய வடிவத்துக்கே பொருந்தும். நான்கைந்து சொல்லைச் சேர்த்து நீளத் தேடுசொல்லைப் பெயராக்க நினைப்பவர் முதலில் மாற்றிப் பார்த்து எண்ணட்டும். மின்னஞ்சல் முகவரியில் இந்தப் பெயரை ஏற்காத படிவங்களும் உண்டு. நகலெடுத்து ஒட்டினால் சில செயலிகளில் மாற்றிய வடிவமே தெரியும், பார்ப்பவர் மோசடி இணைப்பு என்று அஞ்சுவார்.

இன்னொன்று, கண்ணுக்கே தெரியாதது. 'பௌதிகம்', 'பெளதிகம்' இரண்டும் பார்வைக்கு ஒன்று. முன்னதில் ஔகாரக் குறி. பின்னதில் 'பெ'வுக்குப் பின் ளகரம். கணினிக்கு இவை வெவ்வேறு சொற்கள். 'கொ'வை இரண்டு துண்டாக அடித்தாலும் யூனிகோடு நெறிப்படுத்தல் ஒன்றாக்கிவிடும். ளகரம் போட்ட ஔகாரத்தை ஆக்காது. ஒன்றைப் பதிந்து மற்றதை விட்டால், அதை எடுப்பவர் நம் தளத்தைப் போலவே தோன்றும் முகவரியில் எதையும் வைக்கலாம். அந்த எழுத்து வரும் தேடுசொல்லைத் தவிர்ப்பது நல்லது, தவிர்க்க முடியாவிட்டால் இரண்டையும் வாங்கச் சொல்லுங்கள்.

செ.

*

மறு: மறு: மறு: மறு: கீவேர்ட் டொமைனுக்குத் தமிழில் ஒரு சொல்

ஏற்கிறேன். மரங்கொத்தி எடுத்துக்காட்டு காரணப்பெயரை விலக்கப் போதும்.

ஒரு எச்சரிக்கை சேருங்கள். தேடுசொல்லைப் பெயரில் வைத்தாலே முதலிடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. 2012 செப்டம்பரில் கூகுள், தரம் குறைந்த முழுப்பொருத்தத் (எக்ஸாக்ட் மேட்ச்) தளங்களைக் கீழிறக்கும் மாற்றத்தைக் கொண்டுவந்தது. பெயரில் உள்ள சொல்லால் மட்டும் தரவரிசையில் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று அதன் வழிகாட்டியே இன்று சொல்கிறது. இன்றைக்குக் கிடைக்கும் பயன் மனிதரிடமிருந்து: முடிவுப் பட்டியலில் பெயரைக் கண்டதும் எதைப் பற்றியது என்று புரிகிறது, நினைவில் நிற்கிறது. அதற்காகவே வைக்கலாம். இடைக்கோடு ஒன்றுக்கு மேல் போனால் அந்தப் பயனும் கெடும்.

வாங்குமுன் செய்யவேண்டியதையும் வரிசையாகப் போடுங்கள். தேடுபெட்டி தானே நிரப்பிக் காட்டும் சொற்களையும் கூகுள் டிரெண்ட்ஸையும் பார்த்து மக்கள் எழுதும் வடிவத்தை உறுதிசெய்வது. பெயர் யாரிடமாவது உள்ளதா என்று, பெயர்ப்பதிவு விவரம் தரும் ஆர்டேப் சேவையில் பார்ப்பது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அதன் பழைய வாழ்க்கையைப் பார்ப்பது: சூதாட்டமோ எரிதமோ (ஸ்பேம்) நடந்த பெயரை வாங்கினால் அந்தக் கெட்ட பெயரும் கூடவே வரும். வணிகக்குறிப் பதிவேட்டைப் பார்ப்பது. பொதுச்சொல்தானே என்று எண்ணி இன்னொருவரின் வணிகக்குறியையும் சேர்த்துப் பெயர் வைத்து, தீய நோக்கில் பதிந்து பயன்படுத்தியதாகவும் உரிமை எதுவும் இல்லையென்றும் காட்டப்பட்டால், இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் 1999ஆம் ஆண்டுத் தகராறுத் தீர்வு நெறிப்படி பெயரை இழக்க நேரும்.

ஆ.

*

மறு: மறு: மறு: மறு: மறு: கீவேர்ட் டொமைனுக்குத் தமிழில் ஒரு சொல்

இருவருக்கும் நன்றி. சொற்பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

தேடுசொற்பெயர் – தேடுவோர் எழுதும் சொல்லை உள்ளடக்கிய தளப்பெயர். கீவேர்ட் டொமைன்.
முழுப்பொருத்தப் பெயர் – தேடுசொல்லன்றி வேறெதுவும் இல்லாதது. 'மாடித்தோட்டம்'.
பகுதிப்பொருத்தப் பெயர் – தேடுசொல்லோடு வேறு சொல்லும் சேர்ந்தது. 'மாடித்தோட்டத்தோழன்'.
இடுகுறிப்பெயர் – தேடுசொல் எதுவும் இல்லாதது. பிராண்டபிள்.

இதன்படி மரங்கொத்தி, தச்சுத் தளத்துக்கு இடுகுறிப்பெயர் ஆகிவிடுகிறது. பறவைத் தளத்துக்கு முழுப்பொருத்தப் பெயர். இலக்கணத்தார் முன்னதை ஏற்கமாட்டார்கள், ஆகவே 'தளப்பெயர் வழக்கில்' என்ற குறிப்பைச் சேர்க்கிறேன். ஒற்று மட்டும் மாறுபடுவதை முழுப்பொருத்தத்தில் சேர்ப்பதா பகுதியில் சேர்ப்பதா என்பது மட்டும் பாக்கி. தேடுபொறி இரண்டையும் ஒன்றாகக் கொண்டாலும் பதிவேட்டில் இரண்டு பெயர் என்பதால், பகுதிப்பொருத்தத்தில் வைக்கலாம் என்பது என் எண்ணம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

ந.