புதுப்பிப்பு: முழு வேகத்தில் அணைந்த அவுட்போர்ட் எஞ்சின் சரியாகிவிட்டது

குருநகரில் எங்கள் படகின் பின்னால் மாட்டும் இரண்டு சிலிண்டர் அவுட்போர்ட் எஞ்சின், மெதுவாக ஓடும், முழு வேகம் கொடுத்தால் அணையும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஓடும்போதே எரிபொருள் குழாயின் ரப்பர் குமிழை அமுக்கிப் பார்க்கச் சொன்ன அண்ணை சொன்னதுதான் சரி: அமுக்க அமுக்க வேகம் பிடித்தது, விட்டதும் சோர்ந்தது, எரிபொருள் பம்ப்தான் பிழை. கழற்றினால் உள்ளே இருக்கும் டயஃபிரம் (மெல்லிய சவ்வு) விறைத்து, ஓரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை. எதிர்பாராத விஷயம், ஒரு ஸ்பார்க் பிளக் மட்டும் பெற்றோலில் நனைந்து கிடந்தது. இந்தப் பம்பை இயக்குவது அந்த சிலிண்டரின் கிராங்க்கேஸ் (பிஸ்டனுக்குக் கீழுள்ள அறை) அழுத்தம் என்பதால் ஓட்டை வழியே பெற்றோல் நேரே உள்ளே போயிருக்கிறது. பிளக்கை மட்டும் மாற்றிவிட்டு இருந்துவிடாதீர்கள். முழுப் பம்ப் தேவைப்படவில்லை, டயஃபிரமும் கேஸ்கட்டும் உள்ள கிட் போதும். இப்போது மண்டைதீவுப் பக்கம் முழு வேகத்தில் நன்றாக ஓடுகிறது.