மாருதி 800: எக்சாஸ்ட் ஸ்டட் ஹெட்டிலேயே முறிந்துவிட்டது, ஈசி அவுட் போடலாமா?

காட்பாடி800:
வணக்கம். இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு குழாயின் கேஸ்கெட் (இடுக்கை அடைக்கும் தகடு) போய், வண்டி டப் டப் என்று சத்தம் போட்டது. ஞாயிற்றுக்கிழமை நானே கழற்ற உட்கார்ந்தேன். மற்ற நட்டெல்லாம் ஒழுங்காக வந்தது, கடைசி நட்டு மட்டும் துருப்பிடித்து இறுகி, ஹெட்டில் (இன்ஜினின் மேல்பாகம்) திருகியிருந்த 8 மி.மீ. ஸ்டட்டோடு (இரண்டு முனையிலும் மரை உள்ள, தலையில்லாத போல்ட்) முறிந்துவிட்டது. வெளியே 4 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. முறிந்த ஸ்டட்டில் ஓட்டை போட்டு, உள்ளே திருகி வெளியே எடுக்கிற ஈசி அவுட் செட் வாங்கி வைத்திருக்கிறேன். ஹெட் அலுமினியம் என்பதால் கை வைக்கவே பயமாக இருக்கிறது.

லேத்துக்காரன்:
தம்பி, முதலில் அந்த செட்டை டிக்கியில் போட்டுப் பூட்டு. முழு ஸ்டட்டே தாங்காமல் முறிந்த இடத்தில், அதற்குள் ஓட்டை போட்டு நுழைக்கிற மெல்லிசு கம்பி தாங்குமா? ஈசி அவுட் உள்ளே முறிந்தால் அது கடினமான எஃகு, சாதாரண டிரில் பிட் அதில் இறங்காது. அப்புறம் ஹெட்டைக் கழற்றி, மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கிற ஸ்பார்க் எரோஷன் மெஷின் எங்கே இருக்கிறது என்று ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் அலைய வேண்டியதுதான்.

4 மி.மீ. நீட்டிக்கொண்டிருப்பதே உன் அதிர்ஷ்டம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டட் மேல் ஒரு நட்டை வைத்து அதன் ஓட்டைக்குள் வெல்டிங் நிரப்பச் சொல். இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது, பயப்படாதே. சிவப்பு மறையும் வரை ஆறவிட்டு, ஸ்பானரை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசை. நட்டு பிய்ந்து வந்தால் இன்னொன்று வை, அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஆற்காடு_ரோடு:
அண்ணன் சொல்வது சரி. ஸ்டட்டை வெளியிலிருந்து கவ்வித் திருகுகிற, ரோலர் வைத்த ஸ்டட் எக்ஸ்ட்ராக்டருக்கு இந்த 4 மி.மீ. பிடி போதாது, இரண்டு நட்டு போட்டு ஒன்றோடொன்று இறுக்கிக் கழற்றுவதெல்லாம் முழு ஸ்டட்டுக்குத்தான். ஆனால் வெல்டிங்குக்கு முன்னால் ஒரு நாள் செலவு செய்யுங்கள். ஸ்டட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கினால் அது இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அந்த நேரம் மெழுகுவர்த்தியை ஸ்டட் அடியில் வைத்தால் உருகி மரைக்குள் இறங்கும். பெட்ரோல் ஹோஸ் பக்கம் மட்டும் தீ காட்டாதீர்கள்.

சத்துவாச்சாரி_டிரைவர்:
ஒன்றுமே நடக்கவில்லை என்றால் டிரில் போட வேண்டியதுதான். அதற்கு முன் அடிக்கிற குறி (சென்டர் பஞ்ச்) ஸ்டட்டின் நடுவில் சரியாக விழவேண்டும், அதுதான் எல்லாம். இடப்பக்கம் சுற்றுகிற டிரில் பிட் கிடைத்தால் ஓட்டை போடும்போதே சிலது தானாக வெளியே வந்துவிடும். மரை போனால், புது மரையாக உள்ளே பொருத்துகிற ஹெலிகாயில் கம்பிச்சுருள் போடலாம்.

காட்பாடி800:
இரண்டு நாள் மெழுகு, அப்புறம் வெல்டிங். முதல் நட்டு பிய்ந்தது, இரண்டாவதில் கிரீச் என்று ஒரு சத்தம், வந்துவிட்டது! மரைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடி இறுகாமல் இருக்க புது ஸ்டட்டுக்குக் காப்பர் கிரீஸ் தடவலாமா?

லேத்துக்காரன்:
நட்டுப் பக்கம் தாராளமாகத் தடவு. பழைய நட்டைத் திரும்பப் போடாதே.

காட்பாடி800:
சரிங்க அண்ணே. ஈசி அவுட் செட் பிரிக்காமலே இருக்கிறது, யாருக்காவது வேண்டுமா?