கோல்ட் ஸ்டார் டாங்க்: குரோம் பூசலாமா?

கேள்வி: பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளான 500 சி.சி. பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டாரைப் புதுப்பிக்கிறேன். எஞ்சின் முடிந்துவிட்டது. பெட்ரோல் டாங்கில் முழங்கால் உரசும் இடத்தில் மட்டும் குரோம் தேய்ந்திருக்கிறது. புதிதாகப் பூசவா?

பதில்: வேண்டவே வேண்டாம்! துரு இறங்காதவரை அப்படியே விடுங்கள். பூசுவதற்கு முன் தேய்த்து மெருகேற்றினால் பழைய தகடு இன்னும் மெலியும். எத்தனையோ பேர் ஓட்டிய தடம் அது, போனால் வராது. எஞ்சினில் பொறித்திருக்கும் எண்ணையும் பாருங்கள். பி.எஸ்.ஏ.வின் சாதாரண மாடலான பி33-ஐ கோல்ட் ஸ்டாராக மாற்றியவையும் உண்டு.

இன்னொரு பதில்: நட்டுகளைக் கழற்ற, பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் ஸ்பேனரே பயன்படுத்துங்கள், மில்லிமீட்டர் ஸ்பேனர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். 1937-இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் பந்தய வீரர் வால் ஹேண்ட்லி பி.எஸ்.ஏ. வண்டியில் மணிக்கு 100 மைலைத் தாண்டிச் சுற்றியதற்குத் தங்க நட்சத்திரம் தந்தார்கள். பெயர் வந்தது அதனால்தான்.

கேட்டவர்: எஞ்சினில் உள்ள எண், கோல்ட் ஸ்டாருக்குரிய டி.பி.டி.34 ஜி.எஸ். என்றே தொடங்குகிறது. டாங்கைத் தொடப்போவதில்லை.