பண்டிகை விருந்தும் சுகர் மாத்திரையும்: நம்ம பக்கத்து அனுபவங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து:

கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. வீட்டில் சுகர் மாத்திரை போடுகிறவர்கள் இருந்தால் இதைக் கொஞ்சம் படியுங்கள். பண்டிகை என்றாலே கேக், அதிரசம் என்றுதான் எல்லாரும் எச்சரிப்பார்கள், எங்கள் வீட்டில் ஆபத்து வந்ததோ சாப்பிடாமல் இருந்ததால்.

மாமா விசைப்படகில் போகிறவர், ரொம்ப நாளாகக் கிளிமிப்ரைடு போடுகிறார். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி மாத்திரையைப் போட்டுக்கொண்டார், ஆனால் பூசை முடிந்து எல்லாரோடும் சேர்ந்து சாப்பிடலாம் என்று சோற்றைத் தள்ளிவைத்துவிட்டார். இடையில் கூட்டாளிகள் கூப்பிட, வெறும் வயிற்றில் பிராந்தி. கோயிலுக்குக் கிளம்பும் நேரம் பார்த்தால் சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, அத்தையைப் பார்த்து வேறு யாரோ பேரைச் சொல்கிறார். "ஏத்திக்கிட்டாரு, ஓரமாப் படுக்க வைங்க, காலைல சரியாயிரும்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எங்கள் மதினி நர்ஸ். "மார்கழிக் குளிர்ல யாருக்கு இப்படி வேர்க்கும்?" என்று கேட்டு, உடனே விரலில் குத்திப் பார்த்தார். 46 காட்டியது. 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை.

விழுங்கும் நிலையில் இருந்ததால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார், 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்த்தார், ஏறியதும் இட்லி கொடுத்தார். அதோடு விடவில்லை, விடியும்வரை நடுநடுவே எழுப்பிச் சோதித்தார். சாப்பிடாத நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரையை விடுவது கல்லீரல். சாராயம் உள்ளே போனால் அந்த வேலை தடைப்படும், மாத்திரை பாட்டுக்கு இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால் குடித்துப் பல மணி நேரம் கழித்தும், தூக்கத்திலேயேகூட, இறங்கலாம். இன்சுலின், கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு எடுப்பவர்கள்தான் ரொம்பக் கவனிக்க வேண்டும், மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இப்படி ஆவது அபூர்வம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

குடிக்காமலிருப்பதுதான் நல்லது. குடிப்பேன் என்று நிற்பவரை முதலில் சாப்பிட வையுங்கள், சுகர் இருக்கிற விஷயம் கூட இருப்பவர்களுக்கும் தெரியட்டும். போதையும் தாழ்சர்க்கரையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், குத்திப் பார்க்காமல் சொல்லவே முடியாது.

கீழக்கரையிலிருந்து:

எங்கள் வீட்டில் குடி கிடையாது, சிக்கல் வேறு மாதிரி. நோன்பு மாசத்தில் வாப்பாவுக்கு டாக்டர் மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுப்பார். பெருநாளன்று அது திரும்பப் பழையபடி ஆகும், அன்றைக்குத்தான் விருந்தும் உச்சத்தில் இருக்கும். சஹன் என்கிற பெரிய தட்டில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிடும்போது தான் எவ்வளவு சாப்பிட்டோம் என்று யாருக்கும் கணக்குத் தெரியாது, போதும் என்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் கறித்துண்டை நம் பக்கம் தள்ளிவிடுவார். வாப்பாவைத் தனித்தட்டில் உட்காரச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அந்த ஒரே தட்டில் சாப்பிடுவதுதானே அவருக்குப் பெருநாள். சஹனில் உட்காரும் முன்பே வெள்ளரிக்காயும் ஒரு முட்டையும் கொடுத்துவிடுகிறேன், பசி அடங்கிப் போவதால் கை தானாக மெதுவாகிறது.

தொதல் என்கிற கருப்பட்டி இனிப்பின் கதை தனி. மணிக்கணக்காகக் கிண்டியவர் கையால் நீட்டும்போது வேண்டாம் என்றால் அவர் முகம் வாடும். பொட்டலமாக வாங்கி வந்துவிடுவோம், தினம் ஒரு சின்னத் துண்டு. கருப்பட்டிதானே, ஒன்றும் செய்யாது என்பார்கள், நம்பாதீர்கள்.

சாயல்குடியிலிருந்து:

கருப்பட்டி காய்ச்சுகிற வீட்டுக்காரன் நானே சொல்கிறேன், அதுவும் பெரும்பாலும் சர்க்கரைதான், சுகரை நன்றாகவே ஏற்றும். வாங்குகிறவர்களிடமும் இதைச் சொல்லித்தான் கொடுக்கிறோம். ஒரு சந்தேகம்: தாழ்சர்க்கரை வந்தால் கையில் இருக்கிற கேக்கைக் கொடுத்தால் போதாதா?

தங்கச்சிமடத்திலிருந்து:

போதாது. நானும் மதினியிடம் இதைத்தான் கேட்டேன். கேக், சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்துமாம். சர்க்கரைத் தண்ணீர் இல்லாவிட்டால் குளுக்கோஸ் பவுடர், அதுவும் இல்லாவிட்டால் சாதாரணக் கலர் சோடா, டயட் என்று போட்டிருப்பது கூடாது. கேக்கெல்லாம் அப்புறம்.