சி.டி. எழுதும் டாக்டருக்கு டோஸ் தெரியுமா? வகுப்புக்கு உதவி தேவை

ஏற்காடு_ஜிபி:

வணக்கம். ஏற்காட்டுல ஜெனரல் பிராக்டிஸ். நான் எழுதற சி.டி.க்கெல்லாம் பேஷன்ட் சேலத்துக்கு இறங்கித்தான் ஆகணும். கிளினிக் டாக்டர்கள், ஹவுஸ் சர்ஜன்கள் கொஞ்சம் பேருக்குக் கதிர்வீச்சு பத்தி அரை மணி நேரம் வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்காங்க. பாடப்புத்தகம் வேண்டாம், சீட்டு எழுதும்போது உதவற விஷயம் வேணும். எந்தப் படத்துக்கு எவ்வளவு டோஸ், அதாவது உடம்புக்குப் போற கதிர்வீச்சு அளவுன்னு எதை மனசுல வச்சுக்கறது? எடுத்து முடிச்ச ஸ்கேன்ல அதை எங்கே பார்க்கறது? கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் எழுதும்போது எங்கே தப்பு நடக்குது?

சேலம்_ரேடியாலஜி:

நல்ல தலைப்பு டாக்டர். ஆரம்பிக்க ஒரு பழைய ஆய்வு இருக்கு. 2003ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்தது. 130 டாக்டர்கள்ட்ட டோஸ் கேட்டாங்க. வந்த பதில்கள்ல 97 சதவீதம் உண்மையைவிடக் குறைவு. எம்.ஆர்.ஐ.யில கதிர்வீச்சு இருக்குன்னு 11 பேரும், அல்ட்ராசவுண்ட்ல இருக்குன்னு 6 பேரும் நினைச்சிருந்தாங்க. வகுப்பு தொடங்கும் முன்னாடி நீங்களும் பேர் போடாத தாள் ஒண்ணு கொடுத்து எழுத வைங்க. அப்புறம் தூங்க மாட்டாங்க.

மனசுல வைக்க வேண்டியது ஏழெட்டு எண்தான். பெரியவங்களுக்கு, தோராயமா, மில்லிசீவர்ட்ல (உடம்புக்கான கதிர்வீச்சு டோஸை அளக்கற அலகு): நெஞ்சு எக்ஸ்ரே 0.02, இடுப்பு முதுகெலும்பு எக்ஸ்ரே 1.5, தலை சி.டி. 2, எலும்பு ஸ்கேன் (போன் ஸ்கேன்) 6, நெஞ்சு சி.டி. 7, வயிறும் இடுப்பும் ஒரே ஃபேஸ்ல, அதாவது ஒரே ஓட்டத்துல சி.டி. எடுத்தா, 8 முதல் 10. ஒப்பிட, இயற்கையிலிருந்து ஒரு ஆளுக்கு வர்றது உலக சராசரியா வருஷத்துக்கு 2.4.

"வயித்து சி.டி. எத்தனை நெஞ்சு எக்ஸ்ரேக்கு சமம்"னு பேஷன்ட் கேட்டா எக்ஸ்ரே கணக்கைச் சொல்லாதீங்க. நானூறு ஐநூறுன்னு கேட்டா மனுஷன் எழுந்து போயிடுவார், வேண்டிய ஸ்கேனும் நின்னுடும். மூணு நாலு வருஷ இயற்கைக் கதிர்வீச்சுன்னு சொன்னா அளவும் புரியும், பீதியும் வராது. 10 மில்லிசீவர்ட்டுக்கு உயிரைப் பறிக்கற புற்றுநோய் வாய்ப்பு 2000ல் ஒண்ணு கூடலாம்ங்கறது அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வோட மதிப்பீடு. தனி ஆளுக்கு ரொம்பச் சின்னது. ஊரு முழுக்க வயித்து வலிக்கெல்லாம் எழுதினா சின்னது இல்ல.

நிஜமா டோஸ் ஏறற இடம் ஃபேஸ். "வயித்து வலி, சி.டி. அப்டமன்"னு மொட்டையா சீட்டு வந்தா, எதுக்கும் இருக்கட்டும்னு பிளெயின் (காண்டிராஸ்ட் மருந்து ஏத்தாம), ஆர்ட்டீரியல் (மருந்து தமனியில இருக்கும்போது), வீனஸ் (சிரைக்கு வந்ததும்), டிலேடு (இன்னும் தாமதமா) நாலும் ஓடிடும். ஒவ்வொரு ஓட்டமும் கிட்டத்தட்ட முழு டோஸ். 9 வர வேண்டியது 30ஐத் தாண்டும். அப்பெண்டிக்ஸ் சந்தேகம்னா வீனஸ் (போர்ட்டல் வீனஸ்) ஃபேஸ் ஒண்ணு போதும். கிட்னி கல்லுன்னா காண்டிராஸ்டே வேண்டாம். முதல்ல அல்ட்ராசவுண்ட், அதுல தீரலைன்னா "லோ டோஸ் கே.யு.பி."ன்னு (கிட்னியிலேர்ந்து மூத்திரப்பை வரை குறைஞ்ச டோஸ் சி.டி.) எழுதுங்க, 3 மில்லிசீவர்ட் பக்கத்துல முடிஞ்சுடும். ரொம்பப் பருமனான ஆளுக்கு மட்டும் லோ டோஸ் படம் புள்ளி புள்ளியா வந்து சின்னக் கல் தப்பிடும். கல்லீரல்ல கட்டி என்னன்னு தெரியணும்னா காண்டிராஸ்ட் ஏத்தின மூணு ஃபேஸும் வேணும், அங்கே கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஆக, சீட்டுல உறுப்பு பேரை விட என்ன கேள்விங்கறதை எழுதறதுதான் முக்கியம்.

கன்சோல்_பக்கம்:

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன் சார். டோஸ் மறைச்சு வைக்கற விஷயம் இல்ல. ஸ்கேன் முடிஞ்சதும் மெஷினே ஒரு டோஸ் பக்கம் போடும், டிஸ்க்ல பெரும்பாலும் கடைசி சீரிஸ். ஃபிலிம்ல அடிக்கறதில்லங்கறதால யாரும் பார்க்கறதில்ல. அதுல டி.எல்.பி.ன்னு (டோஸை ஸ்கேன் எடுத்த நீளத்தால பெருக்கினது) ஒரு எண் இருக்கும். பெரியவங்களுக்கு வயிறு, இடுப்புன்னா 0.015, நெஞ்சுன்னா 0.014, தலைன்னா 0.0021ஆல பெருக்குங்க, மில்லிசீவர்ட் வந்துடும். வயித்துக்கு 620ன்னா 9.3. தலைக்கு 950ன்னா 2. அந்தப் பக்கத்துல எத்தனை வரி ஓடியிருக்குன்னு எண்ணினாலே எத்தனை ஃபேஸ்னும் தெரியும்.

குழந்தைக்கு இதே பெருக்கல் செல்லாது. ஒரு வயசுத் தலைக்கு 0.0067, அதாவது மூணு மடங்கு. அதனால டி.எல்.பி. 300ன்னு கம்மியா தெரிஞ்சாலும் அதுவும் 2 மில்லிசீவர்ட்தான். இன்னொரு பொறி இருக்கு. உடம்பு ஸ்கேன்ல காட்டற எண் பொதுவா 32 செ.மீ. பேண்டமை (உடம்புக்குப் பதிலா வச்சு அளக்கற பிளாஸ்டிக் உருளை) வச்சு. ஒல்லிக் குழந்தைக்கு நிஜ டோஸ் அதைப்போல ரெண்டு மடங்கு பக்கம் இருக்கும்.

எங்க பக்கம் நடக்கற தப்பும் சொல்லணும். பேஷன்ட்டை கேன்ட்ரி (மெஷின் வளையம்) நடுவுல சரியா வைக்காம டேபிள் மேல ஏறியிருந்தா, எக்ஸ்ரே டியூபை மேல வச்சு எடுத்த முன்னோட்டப் படத்துல (டோபோகிராம்) ஆள் பெருசாத் தெரிவார், மெஷினும் குண்டு ஆள்னு நினைச்சு கரண்ட்டைக் கூட்டும், டோஸும் ஏறும். கையைத் தலைக்கு மேல தூக்காம விட்டாலும் வயித்து ஸ்கேன்ல அதே கதை. டிஜிட்டல் எக்ஸ்ரேல வேற மாதிரி: டோஸ் ஜாஸ்தியானா அந்தக் காலத்து ஃபிலிம் கறுத்துடும், இப்ப படம் இன்னும் அழகா வரும். மெஷின் காட்டற எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் (கதிர் அளவு எண்) பார்க்கலைன்னா தெரியவே தெரியாது.

கதிர்_அளவி:

கர்ப்பிணி விஷயத்தில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. தெரியாமல் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிட்டதற்கே "கலைச்சிடலாமா" என்று வந்து நிற்பவர்கள் உண்டு, தலையாட்டும் டாக்டர்களும் உண்டு. நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போவது 0.01 மில்லிகிரேக்கும் (உடம்பு உறிஞ்சும் கதிர் அளவின் அலகு) கீழே. தலை சி.டி.யும் அப்படித்தான். வயிறு, இடுப்பு சி.டி. ஒரு ஃபேஸுக்கு சுமார் 25 மில்லிகிரே. 100 மில்லிகிரேக்குக் கீழே கதிர்வீச்சை மட்டும் காரணமாக வைத்துக் கருவைக் கலைப்பது நியாயமில்லை என்று சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையமான ஐ.சி.ஆர்.பி. தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மறுபக்கம், நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்காமல் நான்கு ஃபேஸ் எழுதினால் அந்த 100ஐத் தொட்டுவிடலாம். கடைசி மாதவிலக்கு தேதிக்கு சீட்டில் ஒரு கட்டம் போடுங்கள்.

கதிரை மறைக்க பேஷன்ட் மேல் போடும் ஈயத்துண்டு பற்றியும் கேட்பார்கள். இடுப்பு எக்ஸ்ரேக்கு இனப்பெருக்க உறுப்பை மறைப்பதை நிறுத்தலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019லும் அமெரிக்கக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கவுன்சிலான என்.சி.ஆர்.பி. 2021லும் சொல்லிவிட்டன. கதிர் அளவைத் தானாக முடிவுசெய்யும் ஆட்டோ எக்ஸ்போஷர் சென்சாரைத் துண்டு மறைத்தால் மெஷின் டோஸைக் கூட்டும். எலும்பை மறைத்தால் படத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். உடம்புக்குள்ளேயே சிதறும் கதிரை அது தடுக்கவும் தடுக்காது. ஆனால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அப்பா அம்மாவுக்கு ஈய ஏப்ரன் கட்டாயம். அங்கே சிதறல் வெளியிலிருந்து வருகிறது.

ஒரு குழப்பம். ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்பது டோஸ் அளக்கும் பேட்ஜ் போட்டுக் கதிர்வீச்சோடு வேலை செய்பவருக்கான வரம்பு. பேஷன்ட்டுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் (ஏ.இ.ஆர்.பி.) வரம்பு எதுவும் வைக்கவில்லை. "இந்த வருஷக் கோட்டா முடிஞ்சது" என்று வேண்டிய ஸ்கேனை மறுப்பது அறியாமை.

ஏற்காடு_ஜிபி:

நன்றி, மூணு பேருக்கும். இன்னொண்ணு. எஸ்டேட் சுவர்லேர்ந்து விழுந்த குழந்தை, நல்லா விளையாடுது, ஒரு தடவை வாந்தி. அப்பா அம்மா "ஸ்கேன் எழுதுங்க"ன்னு நிக்கறாங்க. 20 கொண்டை ஊசி வளைவு இறக்கி அனுப்பணுமா?

எமர்ஜென்சி_நைட்:

தலையில அடிபட்ட குழந்தைக்கு சி.டி. வேணுமான்னு சொல்ற பீகார்ன் விதியைப் பிடிச்சுக்கோங்க. 2009ல் லேன்செட் மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு, 42,000க்கு மேல குழந்தைகள். ரெண்டு வயசும் அதுக்கு மேலயும்னா: நினைவு சரியா இருக்கு, மயக்கம் இல்ல, வாந்தி இல்ல, கடுமையான தலைவலி இல்ல, மண்டையோட்டு அடிப்பக்க எலும்பு உடைஞ்ச அடையாளம் இல்ல, விழுந்தது 5 அடிக்குள்ள. எல்லாம் சரின்னா சி.டி. வேண்டாம். கோமா ஸ்கோர் (நினைவை அளக்கற எண், முழு மதிப்பு 15) 14, குழப்பம், காதுக்குப் பின்னாடி கன்றிப் போனதுன்னா உடனே சி.டி. உங்க கேஸ்ல வாந்தி இருக்கு, அதனால நடுவுல வருது. அதுக்கு 4 முதல் 6 மணி நேரம் கவனிச்சாலே பெரும்பாலும் போதும். ரெண்டு வயசுக்குக் கீழன்னா கணக்கு வேற: 3 அடி உயரமே ஜாஸ்தி, தலையில நெத்தி தவிர மத்த இடத்துல வீக்கம் இருந்தா ஜாக்கிரதை.

எங்கே கவனிக்கறதுங்கறதுதான் மலையில சிக்கல். ராத்திரி பனிமூட்டத்துல குழந்தை சோர்ந்த பிறகு இறக்கறதுக்கு, வெளிச்சம் இருக்கும்போதே சேலத்துக்கு அனுப்பிடுங்க. ஆனா சீட்டுல "ஹெட் இன்ஜுரி, சி.டி. பிரெயின்"னு எழுதாதீங்க, வாசல்லயே ஸ்கேன் ரூமுக்குத் தள்ளிட்டுப் போயிடுவாங்க. விழுந்த நேரம், உயரம், வாந்தி எத்தனை தடவைன்னு போட்டு "கவனிப்புக்காக, தேவைப்பட்டால் சி.டி."ன்னு எழுதுங்க.

கன்சோல்_பக்கம்:

அப்படி எடுக்கற மாதிரி ஆனா, பிளெயின் தலை ஸ்கேனுக்குப் பட்டினி தேவையில்ல. மயக்க மருந்து கொடுக்கறதா இருந்தாதான் வெறும் வயிறு வேணும். கைக்குழந்தைன்னா பால் கொடுத்துத் தூங்க வச்சு, துணியில சுத்தி எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அசைஞ்சா திரும்ப ஓட்டணும், டோஸ் ரெட்டிப்பு. வேற எங்கயாவது ஏற்கனவே எடுத்திருந்தா ஃபிலிம் மட்டும் போதாது, டிஸ்க்கையும் கையில கொடுத்து அனுப்புங்க.