போலிங்குக்கு ‘வாக்கெடுப்பு’ வேண்டாம், ‘பெரட்டு’ எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

கணினி தன்னோடு பொருத்திய கருவிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, ‘உன்னிடம் ஏதும் இருக்கிறதா?’ என்று கேட்டுக்கொண்டே போவதுதான் போலிங் (polling). அதற்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே அண்ணன் ஒருவர் ‘வாக்கெடுப்பு’ என்று எழுதியிருக்கிறார். எனக்கு உடன்பாடில்லை. அங்கே யாரும் வாக்குப் போடுவதில்லையே.

போல் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் தலை என்றுதான் பொருள். டச்சிலும் அதன் உறவுச் சொல் இருந்தது. தலை எண்ணியே முடிவு செய்ததால் வாக்கெடுப்புக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. போல் டாக்ஸ் என்றால் தலைவரி. 1848இல் இலங்கையில் ஆங்கிலேயர், வருஷத்துக்கு 6 நாள் வீதி வேலைக்கு வா, இல்லாவிட்டால் 3 ஷில்லிங் கட்டு என்று ஆண்களுக்கு விதித்தார்களே, மாத்தளையில் கலகம் வெடிக்க அதுவும் ஒரு காரணம், கிட்டத்தட்ட அந்த மாதிரி வரி. வோட்டு வேறு குடும்பம்: லத்தீனில் வோட்டும் என்றால் நேர்த்திக்கடன். சிங்களத்தில் வாக்குக்கு வழங்கும் ‘சந்த’ பாலியில் விருப்பம், இசைவு. பௌத்த சங்கக் கூட்டத்துக்கு வர முடியாத பிக்கு இன்னொருவரிடம் சொல்லியனுப்பும் சம்மதத்துக்கும் அதே பெயர். பிரெஞ்சுக் கணினிக்காரர்கள் போலிங்கை ‘ஸ்க்ருத்தாசியோன்’ என்கிறார்கள், துருவிப் பார்த்தல். நல்ல சொல்தான், ஆனால் முறை வைத்துக் கேட்பது அதில் வரவில்லை.

அந்த முறையை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். வளர்ந்தது இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். காலைப் பனியில் கொழுந்துக்கூடையோடு எல்லாரும் பெரட்டுக்களத்தில் நிற்பார்கள். வேலைக்கு முன் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பதுதான் பெரட்டு. கணக்கப்பிள்ளை செக்ரோலை, அதாவது பேர்ப் பதிவேட்டை, பிரித்துப் பேர் பேராகக் கூப்பிடுவார். பதில் வந்தால் ஒரு குறி, வராவிட்டால் அடுத்த பேர். மறுநாள் மறுபடி முதல் பேரிலிருந்து. போலிங்கில் வீணாகும் நேரமும் அங்கே தெரியும்: வராத ஆளையும் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும், வந்தவர்கள் குளிரில் நின்றுதான் ஆக வேண்டும். ஒரு நாள் வேலைக்கே எங்களுக்குப் ‘பேர்’ என்றுதான் பெயர், அரை நாள் என்றால் ‘அரைப்பேர்’. தலையை எண்ணிய ஆங்கிலச் சொல்லுக்கு இதைவிடப் பக்கத்தில் எது வரும்?

பெரட்டு தமிழா என்று கேட்பீர்கள். பரேட்தான் அப்படி ஆனது என்பார்கள் எங்கள் பக்கம். அந்தப் பரேடும் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதுதான். தலைமுறை தலைமுறையாக மலையகத்தில் புழங்கிய சொல், போதாதா? கோழிப் பெரட்டல் நினைவுக்கு வருமே என்றால், வரட்டும். கொத்து ரொட்டிக்குப் பயந்து யாரும் பூங்கொத்தை விட்டுவிடவில்லை.

அப்புறம், ‘பெரட்டெடு’ என்று வினையாக்கலாம், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே விடும் நேரத்துக்குப் ‘பெரட்டு இடைவெளி’யும் சுலபமாக வரும். லாங் போலிங் (long polling)தான் இடிக்கிறது. அதில் கேட்டவர் பதில் கிடைக்கும்வரை அங்கேயே காத்து நிற்க வேண்டும். வராத ஆளைத் தேடிக் கணக்கப்பிள்ளை லயத்து வாசலில் வந்து நின்ற காலைகளும் உண்டு. அதற்கு ‘வாசல் பெரட்டு’ என்று வைக்கலாமா?