பெர்த் பாப்பாவுக்கு நம்ம ஊர் காட்டு சாப்பாட்ட எப்படி காட்றது?

மொரப்பூர்_மாமன்:
வணக்கம் மக்களே, அக்கா குடும்பம் ஆஸ்திரேலியாவுல பெர்த்ல இருக்காங்க, மார்கழி லீவுக்கு வராங்க. பொண்ணுக்கு எட்டு வயசு. அங்க நூங்கார் பழங்குடி மக்களோட ஆறு பருவம், காட்டுல கெடைக்கிற சாப்பாடுன்னு ஸ்கூல்ல சொல்லிக்குடுத்திருக்காங்க போல, வீடியோ கால்ல எங்கம்மாவ புடிச்சுக்கிட்டு "ஆயா, உங்க ஊரு காட்டுல என்ன சாப்பிடுவாங்க"ன்னு ஒரே கேள்வி. அம்மா "எல்லாம் ராகி களிதான்டி"ன்னு முடிச்சிட்டாங்க. வாட்டில் விதைன்னு ஒரு பவுடர் வேற கொண்டு வராளாம், அத என்ன பண்றது? அஞ்செட்டி பக்கம் இருளர் ஊருக்கு கூட்டிட்டு போய் காட்டலாமான்னும் யோசனை.

சிட்னி_பாலக்கோட்டான்:
வாட்டில்னா நம்ம கருவேலத்துக்கு சொந்தக்கார மரம்ங்க. விதைய வறுத்து அரைக்கிறது, வாசம் கொஞ்சம் காபி மாதிரி இருக்கும், வெல்லம் போட்டு பால்ல கலக்கலாம், பிஸ்கட் மாவுலயும் போடலாம். அதுக்காக நம்மூரு கருவேலங்காய வறுத்து பாத்துடாதீங்க, அங்கயே எல்லா வாட்டிலும் திங்கிறது இல்ல.
குவாண்டாங்னு செவப்பா ஒரு புளிப்பு பழம் இருக்கு, அவளுக்கு தெரிஞ்சிருக்கும். அது சந்தன மரத்தோட தங்கச்சி, பக்கத்து மரத்து வேர்ல ஒட்டி உறிஞ்சுற புத்தி ரெண்டுக்கும் ஒண்ணு. எங்கயாச்சும் சந்தன மரம் இருந்தா காட்டுங்க, குதிப்பா. லில்லி பில்லி பழம் நாவல் வகை, காக்காடு பிளம் கடுக்கா, தான்றிக்கா வகை, வைட்டமின் சி கொட்டிக்கெடக்கும்.

ஏரிக்கர:
ஆரைக்கீரைய விட்டுட்டீங்களே! நம்ம ஏரி ஓரத்துல நாலு இலையா நிக்குமே, அதே வகைதான் அங்க நார்டூ. கீரையா இல்ல, அடியில இருக்கிற கொட்டை மாதிரி காய வறுத்து அரைச்சு சாப்பிடுவாங்க. 1861ல பர்க், வில்ஸ்னு ரெண்டு வெள்ளைக்காரங்க அங்க கூப்பர் கிரீக்ங்கிற ஆத்துப் பக்கம் மாட்டிக்கிட்டு நார்டூவையே தின்னு தின்னு எளைச்சு செத்துப்போனாங்க, பக்குவம் தெரியாம தின்னதுல வைட்டமின் பி1 சத்து போயிருக்கும்னு சொல்றாங்க. கூட இருந்த கிங்னு இன்னொருத்தன், அந்தப் பக்கத்து யாண்ட்ருவாண்டா பழங்குடி மக்கள் சோறு போட்டு வச்சிருந்ததால பொழைச்சான். பாப்பாகிட்ட இந்த கதைய சொல்லுங்க, ராத்திரி தூங்க மாட்டா.

தேன்கனிக்கோட்டை73:
இருளர் ஊருக்கு "காட்ட" கூட்டிட்டு போற ஐடியா வேணாம் ப்ரோ. அவங்க என்ன மியூசியமா? தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா மொதல்ல கேட்டு, வாங்கன்னு சொன்னா போங்க, போட்டோ எடுக்காம. ஆஸ்திரேலியாவுலயே ஒரு விழா ஆரம்பிக்கிறப்ப அந்த மண்ணோட பெரியவங்களுக்கு மரியாதை சொல்லிட்டுதான் பேசறாங்க, அது அவளுக்கே தெரியும். உங்கம்மா களின்னு முடிச்சாங்கன்னு விட்றாதீங்க, சின்ன வயசுல மாடு மேய்க்க போனப்ப என்ன பறிச்சு தின்னீங்கன்னு கேளுங்க, அப்புறம் பாருங்க.

மொரப்பூர்_மாமன்:
கேட்டேன்ங்க! எலந்தை, மணத்தக்காளி, காட்டு நெல்லின்னு அரை மணி நேரம் நிறுத்தல. அஞ்செட்டி கேன்சல், அம்மாவே ஏரிக்கு கூட்டிட்டு போறாங்களாம். பாப்பாவோட ஆறு பருவ கணக்குல அப்ப அங்க பிராக், வெயில் கொளுத்துற பருவம், நமக்கு முன்பனி, ஸ்வெட்டர் எடுத்துட்டு வரச்சொல்லணும். ஆமா, ஆரைக்கீரைய எப்படி செய்யறது, அவ காரம் தொட மாட்டா.

ஏரிக்கர:
நல்லா அலசுங்க, தண்டுல சேறு இருக்கும். பாசிப்பருப்பு, பூண்டு போட்டு கடைஞ்சு அவளுக்கு தனியா எடுத்து வச்சிட்டு அப்புறம் வரமிளகா தாளிங்க.